பாந்தணிப் புள்ளிகளுக்கு என்ன அர்த்தம்?

கேள்வி சுருக்கமாக இதுதான்: மகனுக்கு அகமதாபாத்தில் பெண் நிச்சயமாகியிருக்கிறது. சம்பந்தி வீட்டார், "எங்களுக்கு வேறு ஒன்றும் வேண்டாம், கர்சோளு மட்டும் மாப்பிள்ளை வீட்டிலிருந்து வர வேண்டும்" என்று சொல்லியிருக்கிறார்கள். அது பாந்தணிச் சேலை என்று தெரிகிறது. அந்தப் புள்ளிகளுக்கும் நிறத்துக்கும் ஏதாவது அர்த்தம் உண்டா? நம் ஊர்ச் சுங்குடியும் அதுவும் ஒன்றா? அச்சடித்ததைத் தலையில் கட்டிவிடாமல் எப்படிப் பார்த்து வாங்குவது?

நான் மதுரையில் பிறந்தவள். துணி வடிவமைப்பு படித்துவிட்டு, குஜராத்தில் பதினெட்டு வருஷம் சாயத் தொழில் செய்பவர்களோடு வேலை பார்த்தேன். இரண்டு ஊர்த் துணியும் கையில் புழங்கியது என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். இந்தப் புள்ளிக்கு இந்த அர்த்தம் என்று பாந்தணிக்கு அகராதி போட முடியாது. யார் கொடுக்கிறார்கள், யாருக்குக் கொடுக்கிறார்கள், எந்த நாளில் கொடுக்கிறார்கள் என்பதில்தான் அந்தத் துணியின் அர்த்தம் முழுக்க இருக்கிறது. உங்கள் சம்பந்தி வேறெதையும் கேட்காமல் இதை மட்டும் கேட்டதற்குக் காரணமும் அதுதான்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். குஜராத்தியில் 'கர்' என்றால் வீடு, 'சோளு' என்றால் உடுப்பு. புகுந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும்போது மருமகள் உடுத்தியிருக்கும் துணி என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். நம் கூறைப்புடவையின் இடத்தில் இருப்பது அது. (கூறை என்றாலே துணிதான். வீட்டுக் கூரைக்கும் அதற்கும் எழுத்திலேயே வித்தியாசம் உண்டு. ஆனால் கர்சோளுவின் பெயரை முதன்முதலாகக் கேட்டபோது எனக்கு இரண்டும் சேர்ந்தேதான் மனதில் வந்தன.) கர்சோளு பெரும்பாலும் நல்ல சிவப்பு, சில வீடுகளில் பச்சை. உடல் முழுக்கச் சரிகையால் கட்டம் கட்டமாக நெய்திருப்பார்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் கட்டிச் சாயமிட்ட புள்ளிகளால் யானை, கிளி, பூ, பெண் உருவம் என்று ஏதாவது ஒன்று இருக்கும். கட்டங்களின் கணக்கை வைத்து 'பார் பாக்' என்றும் 'பாவன் பாக்' என்றும் சொல்வார்கள். முன்னது பன்னிரண்டு தோட்டம், பின்னது ஐம்பத்திரண்டு தோட்டம். கடையில் போய் "பாவன் பாக் காட்டுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் நிமிர்ந்து உட்காருவார்.

கல்யாணப் பெண் மேடைக்கு வரும்போது கர்சோளு உடுத்தி வருவதில்லை. அப்போது அவள் உடம்பில் இருப்பது பானேதர். வெள்ளை உடல், சிவப்புக் கரை, சிவப்பு முந்தி. முந்தியில் பாந்தணிப் புள்ளிகள். அதை எடுத்துத் தருவது பெண்ணின் தாய்மாமன். அங்கே தாய்மாமன் கொண்டுவரும் சீருக்கு மாமேரு என்று பெயர், மோசாளு என்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டில் தாய்மாமன் சீரைப் பற்றித் தெரியாதவர் யார்? அங்கேயும் அதே எடைதான். ஜுனாகட்டில் 15-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பக்தக் கவி நரசிங் மேத்தாவைப் பற்றிக் குஜராத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த ஒரு கதை உண்டு. அவர் மகள் குன்வர்பாய்க்குச் சீமந்தம். தம்பூராவைத் தவிரக் கையில் ஒன்றும் இல்லாத தகப்பன் சீர் கொண்டுவர வேண்டும். புகுந்த வீட்டார் வேண்டுமென்றே ஒரு நீளப் பட்டியல் எழுதி நீட்டினார்கள். அவர் உட்கார்ந்து பாடினார். கண்ணனே ஒரு வியாபாரி வேஷத்தில் வந்து, பட்டியலில் இருந்த துணிமணி எல்லாவற்றையும் கொண்டுவந்து இறக்கினான் என்பது கதை. பிறந்த வீட்டிலிருந்து துணி வராவிட்டால் ஒரு பெண்ணுக்கு எவ்வளவு தலைகுனிவு என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் சொல்லாது. கடவுளே துணி மூட்டையைத் தூக்க வேண்டியிருந்தது.

ஆக, மாமன் தந்த வெள்ளையில் வந்து உட்காரும் பெண்ணின்மேல், சடங்கின் நடுவில் மாப்பிள்ளை வீட்டுச் சிவப்பைப் போர்த்துகிறார்கள். இரண்டு வீடும் அவள் தோளில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். மாப்பிள்ளையின் மேல்துண்டு முனையையும் இவளுடைய துணி முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டுத்தான் அக்கினியை வலம் வர வைப்பார்கள். நம் கல்யாணத்தில் வேட்டிக்கும் முந்தானைக்கும் போடுகிற அதே முடிச்சு. முடிச்சுப் போட்டே உருவான ஒரு துணிக்கு அங்கே இன்னொரு முடிச்சு விழுகிறது.

இனி அந்த முடிச்சைப் பற்றி. பாந்தணி என்ற சொல்லுக்கே 'கட்டியது' என்றுதான் பொருள். நம் கடைகளில் பாந்தினி என்று எழுதியிருக்கும். எல்லாம் ஒன்றுதான். கஞ்சியெல்லாம் போகத் துவைத்த மெல்லிய துணியை, மல்மல் பருத்தியோ ஜார்ஜெட்டோ பட்டோ, இரண்டாகவோ நான்காகவோ மடிப்பார்கள். மடித்த துணியின்மேல் கோலத்தைக் குறிக்க வேண்டும். முன்பு காவிக்கல் கரைத்த தண்ணீரில் மரஅச்சைத் தோய்த்து ஒற்றினார்கள். இப்போது ஊசியால் துளையிட்ட மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து, மண்ணெண்ணெயில் கலந்த கழுவினால் போகும் நிறத்தை அதன்மேல் தேய்க்கிறார்கள். துளை வழியாகப் புள்ளி துணியில் விழும். அத்தோடு ஆண்கள் வேலை நின்று, துணி வீடு வீடாகப் பெண்களிடம் போய்விடும்.

குஜராத்தின் கச்சு மாவட்டத்தில் கட்டுவது பெரும்பாலும் பெண்கள்தான், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து. சுண்டுவிரல் நகத்தை நீளமாக வளர்த்திருப்பார்கள், அல்லது கூர் முனை வைத்த மோதிரம் போட்டிருப்பார்கள். அந்த முனையால் துணியை அடியிலிருந்து ஒரு குண்டூசித் தலை அளவு மேலே தூக்கி, அதன் கழுத்தில் நூலை நாலைந்து சுற்றுச் சுற்றி இறுக்கி, நூலை அறுக்காமலே அடுத்த புள்ளிக்குப் போவார்கள். நூல் ஒரு சின்னக் குழாய்க்குள்ளிருந்து வந்துகொண்டே இருக்கும். பூங்ளி என்பார்கள். முன்பு கண்ணாடி, இப்போது பிளாஸ்டிக். புஜ் நகரத்தில் ஒரு வீட்டில் ஒரு பாட்டி கட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பேத்தியை அதட்டிக்கொண்டிருந்தார், என்னிடம் மதுரையில் மழை உண்டா என்று கேட்டார், துணியை ஏறிட்டும் பார்க்கவில்லை. விரல் தானாகப் புள்ளியைத் தேடிப் போனது. பூக்கட்டுகிறவர்கள் பேசிக்கொண்டே முழம் முழமாகத் தொடுப்பார்களே, அப்படி.

கட்டிய இடத்துக்குள் சாயம் ஏறாது. சூத்திரம் அவ்வளவுதான். ஆனால் பல நிறம் வேண்டுமென்றால் அதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குத்தான் போக முடியும். வெள்ளையாக நிற்க வேண்டிய புள்ளிகளை முதலில் கட்டி, துணியை மஞ்சளில் முக்குவார்கள். பிறகு மஞ்சளாக நிற்க வேண்டியவற்றைக் கட்டி, சிவப்பில். இன்னும் வேண்டுமென்றால் சிவப்பாக நிற்க வேண்டியதைக் கட்டி, அரக்கிலோ கறுப்பிலோ. முதல் நாள் கட்டிய வெள்ளைப் புள்ளி கடைசிவரை கட்டிலேயே கிடக்கும். இடையில் எங்கேயோ ஒரு பூவிதழ் மட்டும் பச்சையாக வேண்டுமா, அந்த இடத்தில் மட்டும் கையால் தொட்டு வைக்கிற லிபாய் என்ற முறையும் உண்டு. நுணுக்கமான ஒரு சேலையைக் கட்டி முடிக்க மாதக்கணக்கில் ஆகும். கட்டி முடித்த துணியைப் பார்த்தால் சேலை என்றே தெரியாது. ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் சுருங்கிய மூட்டையாக இருக்கும்.

புள்ளிக்குப் பெயர்களும் உண்டு. தனிப் புள்ளி ஏக்டாலி, மூன்று சேர்ந்தால் திரிகுண்டி, நான்கு சௌபந்தி, ஏழு சத்பந்தி. கண்ணீர்த் துளிபோலச் சற்று நீண்டிருந்தால் கோடி. இவற்றைச் சேர்த்துத்தான் ராஸ் மண்டல் என்னும் வட்டமாக ஆடும் பெண்களின் கோலமும், வேட்டைக் காட்சி கொண்ட ஷிகாரியும் உருவாகின்றன. துணி மடித்துக் கட்டப்படுவதால் இடப்பக்கத்து யானை வலப்பக்கத்து யானையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வாங்கும்போது உதவும்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் சாயத்தைப் பற்றிப் பேச முடியாது. ஜாம்நகரின் சிவப்புக்கு ஈடில்லை என்று குஜராத் முழுக்க ஒத்துக்கொள்வார்கள். அந்த ஊர்த் தண்ணீர்தான் காரணம் என்று சாயக்காரர்கள் சொல்வார்கள். இயற்கைச் சாயத்தில் நிறத்தைத் தீர்மானிப்பது செடி மட்டும் இல்லை, தண்ணீரிலும், சாயம் பிடிக்கச் சேர்க்கும் காரத்திலும் கரைந்திருக்கும் உப்புகளும்தான். மஞ்சிட்டி வேரையே எடுத்துக்கொள்ளுங்கள். படிகாரத்தோடு சேர்ந்தால் சிவப்பு, இரும்போடு சேர்ந்தால் கறுப்பை நோக்கிப் போய்விடும். 2001 ஜனவரி 26 பூகம்பத்துக்குப் பிறகு கச்சின் தமட்கா கிராமத்தில் தண்ணீரில் இரும்பு கூடிப்போய் அஜ்ரக் என்ற மரஅச்சுத் துணி செய்பவர்களின் நிறமே கெட்டது. பல குடும்பங்கள் ஊரையே விட்டுக் கிளம்பி, புஜுக்குப் பக்கத்தில் அஜ்ரக்பூர் என்று புதிதாக ஓர் ஊரை உருவாக்கிக்கொண்டன. நல்ல சிவப்புக்காக ஊர் மாறுகிறவர்கள் அவர்கள். இன்று பாந்தணியில் பெரும்பாலும் ரசாயனச் சாயம்தான். வேரிலிருந்து எடுத்த சிவப்பின் மூலப்பொருளான அலிசரினை ஜெர்மனியின் கிரேபேயும் லீபர்மானும் 1868-இல் ஆய்வகத்தில் உருவாக்கியதிலிருந்தே உலகம் முழுக்க அந்த வேர்களுக்கு இறங்குமுகம். உங்களுக்குக் கிடைக்கப்போகும் கர்சோளுவும் ரசாயனச் சிவப்பாகத்தான் இருக்கும். அதில் தவறு ஏதும் இல்லை. கட்டு உண்மையானதா என்று பாருங்கள், போதும்.

இதையெல்லாம் செய்கிறவர்கள் கத்ரி என்ற சமூகத்தார். அவர்களில் இந்துக்களும் உண்டு, முஸ்லிம்களும் உண்டு. கச்சில் முஸ்லிம் கத்ரிகள் கையில்தான் தொழிலின் பெரும்பகுதி இருக்கிறது. இந்து, ஜைனப் பெண்களின் கல்யாணச் சேலைக்கு முஸ்லிம் வீட்டுப் பெண்கள் முடிச்சுப் போடுகிறார்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் பாந்தணி உண்டு. மணமகள் சந்திரோகனி என்ற முக்காட்டுத் துணியைப் போர்த்திக்கொள்வாள். பெயரிலேயே நிலா இருக்கிறது. மேமன் என்ற முஸ்லிம் வணிகச் சமூகத்துப் பெண்களும் கத்ரிப் பெண்களும் அணிந்த ஆபா என்ற நீள அங்கிகளைப் பார்த்தால் கண் எடுக்க முடியாது. பளபளவென்று வழுக்கும் கஜ்ஜிப் பட்டில் நெருக்கமான பாந்தணி, கழுத்தைச் சுற்றிச் சரிகைப் பூவேலை.

கச்சில் இன்னொரு துணி எனக்கு மிகப் பிடித்தது. ஆடும் ஒட்டகமும் மேய்க்கும் ரபாரிப் பெண்களின் லூடி. கறுப்புக் கம்பளி முக்காடு. அதை வன்கர் நெசவாளர்கள் நெய்கிறார்கள், கத்ரிகள் கட்டிச் சாயமிடுகிறார்கள், பிறகு ரபாரிப் பெண்கள் தாங்களே கண்ணாடி பதித்துத் தைத்துக்கொள்கிறார்கள். கம்பளியில் புள்ளி பெரிதாக, கொஞ்சம் கலங்கலாக விழும். இறந்துபோன ஓர் அரசனுக்காகத் துக்கம் காத்துக் கறுப்பு உடுத்தத் தொடங்கியதாக அவர்களிடையே ஒரு கதை உண்டு. கறுப்பின்மேல் சிதறிய சிவப்புப் புள்ளிகளைப் பார்க்கும்போது, அந்தத் துக்கம் எப்போதோ அழகாக மாறிவிட்டது என்று தோன்றும்.

ராஜஸ்தான் பக்கம் போனால் பருவமும் வயதும் துணியில் தெரியும். ஜெய்ப்பூர், ஜோத்பூர், சிகர் என்று பல ஊர்களில் கட்டுகிறார்கள். பங்குனி வாக்கில், ஹோலி நெருங்கும்போது, வெள்ளைத் துணியில் சிவப்பு இட்ட பாகணியா. ஆடி, ஆவணி மழையில் தீஜ் பண்டிகைக்கு லஹரியா. லஹரியா என்றால் அலை. இதில் புள்ளியே கிடையாது. மெல்லிய துணியை ஒரு மூலையிலிருந்து சாய்வாகச் சுருட்டிக் கயிறுபோல ஆக்கி, இடைவெளி விட்டு இறுகக் கட்டிச் சாயத்தில் முக்குகிறார்கள். பிரித்தால் சாய்கோடுகள் அலையலையாக ஓடும். அதையே எதிர் மூலையிலிருந்தும் ஒருமுறை சுருட்டிக் கட்டினால் கோடுகள் குறுக்கே வெட்டி, நடுவில் நரிப்பயறு அளவு சின்னக் கட்டங்கள் நிற்கும். அந்தப் பயற்றுக்கு அங்கே மோட் என்று பெயர், துணிக்கு மோட்ரா. மழைக்கு ஏங்கும் பாலைவனத்துக்காரர்கள் தண்ணீரைத் துணியாக உடுத்துகிறார்கள். தீஜுக்கு முந்தைய நாள் சிஞ்சாரா. அன்றைக்குப் புகுந்த வீட்டிலிருந்து மருமகளுக்கு லஹரியா, வளையல், மருதாணி, கேவர் என்ற இனிப்பு எல்லாம் தட்டில் வரும். நம் தலைத் தீபாவளியையும் ஆடிச் சீரையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஆண்களுக்கும் லஹரியா உண்டு, தலைப்பாகையாக. ஐந்து நிறம் ஓடினால் பஞ்சரங்கி.

பிள்ளை பெற்றவளுக்குப் பீலியா. மஞ்சள் துணி, சிவப்புக் கரை, நடுவில் பெரிய சிவப்பு வட்டம். தாமரையைக் குறிக்கும் அந்த வட்டத்தால் அதற்குப் போம்சா என்றும் பெயர். பிறந்த வீட்டார் எடுத்துத் தருவது. குழந்தை பிறந்து சில நாள் கழித்துக் கிணற்றுக்கு நடந்து போய்ப் பூஜை செய்யும்போது தாய் அதைப் போர்த்திக்கொண்டு போவாள். அவளைப் பார்க்கிற யாரும் ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை. பிறகு அந்தப் பிள்ளைகள் வளர்ந்து அவர்களுக்குக் கல்யாணம் நடக்கும்போது, அவளுடைய அண்ணன் தம்பிகள் சீரோடு வந்து அக்காவுக்குச் சுந்தடி என்ற முக்காட்டுத் துணி ஒன்றைத் தோளில் போர்த்துவார்கள். இதற்கு மாய்ரா என்று பெயர். வயதான பெண், பேரப்பிள்ளை எடுக்கும் வயது, சபை நடுவே தம்பி வந்து சிவப்புத் துணியைப் போர்த்தும்போது குழந்தைபோல அழுவதைப் பார்த்திருக்கிறேன். பிறந்த வீடு தன்னை இன்னும் மறக்கவில்லை என்பதற்கு அந்த அரை மணி நேரத்தில் கையில் பிடித்துப் பார்க்க ஒரு சாட்சி.

இதே துணியின் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் பொய் சொன்னதாகிவிடும். பீலியா வழக்கமாக ஆண் பிள்ளை பிறந்தால் கொடுக்கிறது. பெண் பிறந்த வீட்டில் அந்த மஞ்சளே வராமல் போன காலம் உண்டு. கணவனை இழந்தவளுக்குச் சிவப்புச் சுந்தடி கிடையாது. நிறத்தை இவ்வளவு நுணுக்கமாகப் படிக்கத் தெரிந்த ஊரில், ஒரு பெண் மங்கிய நிறத்தில் தெருவில் இறங்கினாலே அவள் கதை எல்லோருக்கும் தெரிந்துவிடும். வெள்ளைச் சேலைக்குள் எத்தனை பாட்டிகளை அடைத்து வைத்தோம் நாம், நமக்கு இது புரியாததா. பெண் குழந்தைக்கும் பீலியா எடுக்கிற குடும்பங்கள் இப்போது உண்டு. எனக்கு அந்தத் துணியில் இதுவரை விழுந்த முடிச்சுகளிலேயே அதுதான் நல்ல முடிச்சு.

பழமை எவ்வளவு என்று கேட்பீர்கள். அஜந்தா சுவரோவியங்களில் சில பெண்களின் ரவிக்கையில் புள்ளிப் புள்ளியாக இருப்பது கட்டுச்சாயம்தான் என்று துணி ஆராய்ச்சியாளர்கள் பலர் கருதுகிறார்கள். எழுத்தில் இன்னும் தெளிவான சாட்சி 7-ஆம் நூற்றாண்டில் பாணபட்டர் எழுதிய ஹர்ஷசரிதம். ஹர்ஷனின் தங்கை ராஜ்யஸ்ரீ கல்யாணத்துக்கு அரண்மனையில் துணி தயாராகும் காட்சியில், கட்டிச் சாயமிடுகிற வேலையும் வருகிறது. அப்போதே அது கல்யாணத் துணி. ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேலாக அந்தத் தொடர்பு அறவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் வங்காளத்துப் பட்டுக் கைக்குட்டைகளைப் புள்ளி வைத்துக் கட்டிச் சாயமிட்டுக் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலில் ஏற்றியது. 'பாந்த்னூ' என்ற சொல் அங்கே போய் பந்தனா ஆனது. இன்று பையன்கள் தலையில் கட்டிக்கொள்கிற அந்தப் பந்தனாவும் நம் பாந்தணியும் ஒரே வேரிலிருந்து வந்தவை.

சுங்குடிக்கு வருகிறேன். வேலை ஒன்று, வாழ்க்கை வேறு. மதுரையில் சுங்குடி கட்டியவர்கள் சௌராஷ்டிரர்கள். பட்டுநூல்காரர் என்று நாம் சொல்வோம். குஜராத்திலிருந்து கிளம்பி, தேவகிரி, விஜயநகரம் என்று பல இடம் தங்கி, நாயக்கர் காலத்தில் மதுரையில் நிலைத்தார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. மகாலைச் சுற்றியுள்ள தெருக்களில் இன்றும் வீட்டுக்குள் சௌராஷ்டிர மொழி கேட்கும். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அந்தத் தெருக்களில் திண்ணையில் பெண்கள் துணியைக் கிள்ளிக் கிள்ளிக் கட்டிக்கொண்டிருப்பார்கள். பல வருஷம் கழித்துப் புஜில் அந்தப் பாட்டியின் விரலைப் பார்த்தபோது, எனக்கு ஊர் நினைவு வந்து தொண்டை அடைத்தது. விரல் அசைவு அப்படியே அதே அசைவு.

ஆனால் சுங்குடியின் புள்ளி சற்றுப் பெரிது, தள்ளித் தள்ளி இருக்கும். ஒரே நிறப் பருத்தியில் வெள்ளை வெள்ளையாக, இருட்டிய பிறகு மொட்டைமாடியில் நட்சத்திரம் தெரிகிற மாதிரி. பல நிறம் ஏற்றிக் கட்டுவது இல்லை. மதுரை வெயிலுக்கு அது அன்றாடச் சேலை. உடம்போடு ஒட்டிக்கொள்கிற, துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகிற பருத்தி. அதற்குச் சீர் கிடையாது, சடங்கு கிடையாது, இந்த நாளில் இன்னார் தர வேண்டும் என்ற கணக்கும் கிடையாது. அதே முடிச்சு அங்கே கல்யாணப் பெண்ணின் தோளில் ஏறுகிறது, இங்கே அடுப்படியில் நிற்கும் அம்மாவின் இடுப்பில் செருகப்படுகிறது. புள்ளிக்குள் அர்த்தம் இல்லை என்று நான் ஆரம்பத்தில் சொன்னது இதை வைத்துத்தான். மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இருந்தும் கடைகளில் சுங்குடி என்று குவிந்திருப்பதில் பெரும்பகுதி மெழுகு அச்சோ திரை அச்சோதான். கையால் கட்டியது வேண்டும் என்று கேட்டு, தேடித்தான் வாங்க வேண்டும். கேட்கிறவர்கள் இருந்தால்தான் கட்டுகிறவர்கள் இருப்பார்கள்.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். பாட்டன் நகரத்துப் பட்டோலா, ஒடிசாவின் பாந்தா, தெலங்கானாவின் போச்சம்பள்ளி இவையெல்லாம் வேறு. அங்கே நெய்வதற்கு முன்பே நூலைக் கட்டிச் சாயமிடுகிறார்கள். சாயமேறிய நூலைத் தறியில் ஏற்றினால் கோலம் தானே விழும். கடைக்காரர் பட்டோலா அச்சுப் போட்ட சேலையைக் காட்டிப் பாந்தணி என்று சொன்னால் கிளம்பி வந்துவிடுங்கள்.

இனி வாங்குவது. நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். குஜராத் போன முதல் வருஷம், ஒரு பெரிய கடையில் அம்மாவுக்கு என்று ஒரு பாந்தணி வாங்கினேன். வீட்டில் விரித்துப் பின்பக்கம் திருப்பினால் புள்ளிகள் பாதி மங்கல். அச்சு. அன்றிலிருந்து எந்தச் சேலையையும் முதலில் திருப்பித்தான் பார்ப்பேன். சாயத்தில் முக்கிய துணிக்கு முன், பின் வித்தியாசம் இருக்காது. அடுத்து, புள்ளியை உற்றுப் பாருங்கள். கட்டிய புள்ளி முழு வட்டமாக இருக்காது. சிலது சதுரம்போல, சிலது கோணலாக, ஒன்றுபோல இன்னொன்று இராது. நூல் இறுகிய இடத்தில் ஓரம் லேசாகக் கசிந்திருக்கும், நடுவில் பெரும்பாலும் பொட்டு வைத்தாற்போல ஒரு துளி நிறம் தெரியும். அச்சில் எல்லாப் புள்ளியும் இரட்டைப் பிள்ளைகள்போல ஒரே அளவு, ஓரம் கத்தரித்தாற்போல. மூன்றாவதாக, சேலையின் மேல் உள்ளங்கையை ஓடவிடுங்கள். உண்மையான கட்டில் ஒவ்வொரு புள்ளியும் சின்ன மொட்டாக மேலே எழும்பி நிற்கும். (அந்த மொட்டு போகாமல் இருக்க, இஸ்திரி போட அவசரப்படாதீர்கள். போட்டால் புள்ளி போகாது, சுருக்கம் போய்விடும்.) நான் முன்னே சொன்ன மடிப்பையும் தேடுங்கள். இடது பாதியும் வலது பாதியும் கண்ணாடிபோல எதிரெதிராக இருந்தால் மடித்துக் கட்டியது என்று பொருள்.

கர்சோளுவில் இன்னும் இரண்டு. சரிகைக் கட்டம் நெய்ததா, ஒட்டியதா, அச்சா என்று பின்பக்கம் பாருங்கள். கட்டத்துக்குள் இருக்கும் உருவம் புள்ளிகளால் ஆனதா, கோடு இழுத்ததா என்றும் பாருங்கள். கட்டியதில் கோடே இருக்காது, யானையின் தும்பிக்கைகூடப் புள்ளி வரிசைதான். நிறத்தைப் பொறுத்தவரை, சிவப்பா பச்சையா என்று நீங்களாக முடிவு செய்யாமல் சம்பந்தியம்மாவிடம் கேட்டுவிடுங்கள். அவர்கள் வீட்டு வழக்கம் ஒன்று இருக்கும், கேட்டால் சந்தோஷப்படுவார்கள். முதல் துவைப்பில் கொஞ்சம் சாயம் இறங்கும், தனியாகத்தான் அலச வேண்டும்.

கடைசியாக ஒன்று. ஜாம்நகரிலும் புஜிலும் நல்ல வியாபாரிகள் சில சேலைகளை முடிச்சை அவிழ்க்காமலே வைத்திருப்பார்கள், இது கையால் கட்டியது என்று காட்ட. கர்சோளுவும் அப்படிக் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைத்தால் அவிழ்க்க வேண்டாம், அந்தச் சுருங்கிய மூட்டையாகவே தட்டில் வைத்து எடுத்துப் போங்கள். அங்கே போய் ஒரு முனையை நீங்கள் பிடித்துக்கொண்டு மறு முனையைச் சம்பந்தியம்மா கையில் கொடுங்கள். இரண்டு பேரும் அகலவாக்கில் ஒரே நேரத்தில் வெடுக்கென்று இழுக்க வேண்டும். நூல் அறுக்காமல் கட்டியது என்பதால் முடிச்சுகள் வரிசையாகத் தெறித்து அவிழும். பொரி பொரிகிற மாதிரி படபடவென்று ஒரு சத்தம் கேட்கும்.